காய்ந்த 0.1 பேனா: தண்ணீரா, ஸ்பிரிட்டா?

கேள்வி, 2023 ஏப்ரல் 18

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு கோயில் மண்டபத்தை அளந்து பென்சிலில் வரைந்து முடித்தாயிற்று, மை போட வேண்டியதுதான் பாக்கி. விடுதி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போன ஆறு மெல்லிய நுனிப் பேனாக்களும் இரண்டு மார்க்கர்களும் பத்து நாளில் காய்ந்துவிட்டன. நுனியை ஸ்பிரிட்டில் முக்கினால் எந்தப் பேனாவும் எழுதும் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா அக்கா?

ஏப்ரல் 18, இரவு

முக்காதீர்கள் தம்பி. ஏற்கெனவே ஒன்றை முக்கியிருந்தால் அதை மூடித் தனியே வையுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.

பேனாவிலிருந்து எது வெளியேறியதோ அதைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். தண்ணீர் மையிலிருந்து தண்ணீர் போயிருக்கும். பெர்மனென்ட் மார்க்கர், ஒயிட்போர்டு மார்க்கர், சி.டி.யில் எழுதும் பேனா இவற்றிலிருந்து பெரும்பாலும் ஆல்கஹால் போயிருக்கும். தண்ணீர் மைப் பேனாவுக்குள் ஸ்பிரிட் போனால் சில மைகள் பால் திரிவதுபோல் திரிந்து நுனிக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். பிறகு அந்த நுனிக்கு மருந்து கிடையாது.

எந்த மை என்று பேனாவின் உடம்பில் எழுதியிருக்கும். அழிந்துபோயிருந்தால், அது நன்றாக எழுதிய காலத்தில் போட்ட கோடு உங்கள் பழைய நோட்டில் கட்டாயம் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், இன்னோரிடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். தண்ணீரில் கலைந்தால் சாய மை. தண்ணீருக்கு அசையாமல் ஸ்பிரிட்டில் பரவினால் ஆல்கஹால் மை. இரண்டுக்கும் அசையாமல் நின்றால் நிறமி மை, அதாவது நுண்ணிய நிறத்தூளைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பசை சேர்த்தது. வரைபடத்துக்கு நாம் வாங்குவது பெரும்பாலும் இந்த வகைதான்.

நிறமி மை காய்ந்தால் முடிந்தது. புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 19, காலை

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தூங்கி எழுந்ததும் உறுத்தியது.

நிறமி மை முழுதும் காய்ந்தால்தான் முடிந்தது. பத்து நாளில் ஆறு பேனாவும் அடிவரை காய்வது அபூர்வம். உள்ளே பஞ்சுபோல ஒரு நார்க்கட்டு இருக்கிறது, மை அதில்தான் தேங்கியிருக்கும். அங்கிருந்து நுனிக்கு நுண்துளைகள் வழியாக ஏறி வருகிறது, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. முதலில் காய்வது நுனியின் ஓரிரு மில்லிமீட்டர். அந்த அடைப்பு இளகினால் பின்னால் இருக்கும் ஈர மை தானே முன்னே வரும்.

மூடிக்குள் ஒரே ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரே போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு நுனியில் படியும். பேனாவை மூடி, நுனி கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் நுனியை ஈரத் துணியில் மெல்ல ஒற்றி எடுத்து, வேறு தாளில் நீண்ட கோடுகள் போடுங்கள். முதல் பத்துக் கோடு வெளிறித்தான் வரும். அழுத்தாதீர்கள். காய்ந்த பேனாக்களில் பாதியைக் கொல்வது காய்ந்துபோனது அல்ல, எழுதவில்லையே என்ற கோபத்தில் கொடுக்கும் அழுத்தம்தான். மெல்லிய நார்நுனி ஒருமுறை உலோகக் குழலுக்குள் அமுங்கிவிட்டால் திரும்ப வெளியே வராது.

ஏப்ரல் 19, மாலை

கீழே பின்னூட்டத்தில் ஒருவர், கை கழுவும் சானிடைசரும் ஆல்கஹால்தானே, அதையே மார்க்கருக்கு விடலாமே என்று கேட்டிருக்கிறார்.

2020இல் ஊரடங்கின்போது நான் அதைச் செய்து பார்த்தேன். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. ஜெல் சானிடைசரில் ஆல்கஹாலோடு கெட்டியாக்கும் பொருளும் கிளிசரினும் இருக்கின்றன. ஆல்கஹால் பறந்ததும் மிச்சம் நுனியில் கஞ்சிபோல நின்றது. இரண்டு நல்ல மார்க்கர்கள் போயின. தண்ணீர்போல ஓடும் சானிடைசரிலும் கிளிசரின் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையிலேயே 1.45 சதவீதம் இருக்கிறது. கைக்கு நல்லது, மார்க்கருக்கு வேண்டாம்.

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். 70 சதவீதம் என்று இருந்தால் மீதியில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒயிட்போர்டு மார்க்கருக்கு அது சுமாராக வேலை செய்யும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கேளுங்கள், மொபைல் பழுதுபார்ப்பவர்கள் சர்க்யூட் பலகை துடைக்க வாங்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. சட்டென்று பற்றும்.

நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் வேண்டவே வேண்டாம். பேனாவின் உடம்பையே அது இளக்கிவிடலாம்.

ஏப்ரல் 21

தம்பியின் பதில் வந்திருக்கிறது: ஆறில் மூன்று எழுதுகின்றன, ஒன்று சாம்பல் நிறத்தில் எழுதுகிறது, இரண்டில் ஒன்றுமே இல்லை.

சாம்பல் பேனாவைத் தூக்கிப் போடாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றுமே இல்லாத இரண்டும் என்ன அளவு? 0.1ஆக இருக்குமோ என்று நினைக்கிறேன். மெல்லிய நுனியில் வழி குறுகல், துகள் கொஞ்சம் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, மை போட்ட பிறகா பென்சிலை அழிக்கிறீர்கள், முன்னாலா? பென்சில் கரி மேல் மெல்லிய நுனியை இழுத்தால் கரித்தூள் நுனிக்குள் ஏறும். ரப்பர்த்தூள் இன்னும் மோசம். நாம் காய்ந்துவிட்டது என்று நினைக்கும் பேனா, தூள் அடைத்த பேனாவாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் நுனியைப் பாருங்கள். பளபளவென்று சாம்பல் பூச்சு தெரிந்தால் அது கரி. ஈரப் பருத்தித் துணியின் மேல், எழுதுகிற சாய்வில், அழுத்தாமல் வட்டமாகச் சுற்றுங்கள்.

அளவு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பேனா மேல் இருக்கும் எண்ணை எல்லாரும் மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சகுரா பிக்மா மைக்ரான் என்ற வரைபடப் பேனாவில் 005 என்றால் 0.05 அல்ல, கோட்டின் அகலம் 0.20 மி.மீ. 01 என்றால் 0.25, 05 என்றால் 0.45. வேறு பேனாவை மாற்றாக எடுக்கும்போது இதைக் கவனியுங்கள். ஒரே தாளில் தூணின் விளிம்புக்கோடு பாதிக்கு மேல் தடித்துப் போனால் உங்கள் ஆசிரியர் கண்ணுக்கு உடனே படும்.

ஏப்ரல் 22

ஊசி சிரிஞ்சால் பின்பக்கமாகப் பேனா மை ஏற்றலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சாய மை என்றால் செய்யுங்கள், குழந்தைகளின் ஸ்கெட்ச் பேனாவுக்கு அது அருமையான வழி. வரைபடப் பேனாவுக்கு வேண்டாம்.

2009இல் ஒரு பழைய வீட்டின் முகப்பை வரைந்துகொண்டிருந்தேன். கைவசம் இருந்த ஒரே 0.3 காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மை ஊற்றி எழுதும் பேனாவுக்கான கறுப்பு மையைச் சிரிஞ்சில் எடுத்துப் பின்வழியாக நார்க்கட்டில் விட்டேன். கோடு அவ்வளவு அழகாக வந்தது. ஓடு, தூவானம், திண்ணைத் தூண், ஜன்னல் கம்பி எல்லாம் வரைந்து முடித்தேன், மூன்று நாள் வேலை. நான்காம் நாள் ஓட்டுக்குச் செம்மண் வண்ணம் தடவத் தூரிகை வைத்ததும் கோடுகள் ஊதாவாகக் கரைந்து ஓடின. அந்த மை சாயம், தண்ணீருக்கு நிற்காது. இந்த எளிய விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து, உயிர்ப்பித்த எந்தப் பேனாவையும் ஓரத் தாளில் ஒரு கோடு போட்டு, பத்து நிமிடம் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தடவிப் பார்த்த பிறகே வேலைத்தாளுக்குக் கொண்டுவருகிறேன். தம்பி, உங்கள் மூன்று பேனாக்களுக்கும் இதை இன்றே செய்யுங்கள்.

ஏப்ரல் 23

ஸ்கெட்ச் பேனா என்றதும் நினைவு வந்தது. ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு இந்த வைத்தியம் நம்மைவிட நன்றாகத் தெரியும். பின்மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, உள்ளே இருக்கும் பஞ்சுக் குச்சியை இழுத்து, தண்ணீர் விட்டு, திரும்பச் சொருகி, மூச்சுப் பிடித்து ஊதுவார்கள். பல்லால் கடிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு சிறுமி, தன் கறுப்பு ஸ்கெட்ச் பேனா தண்ணீர் விட்ட பிறகு ஊதாவில் எழுதுகிறது என்று அழுதாள். சாக்பீஸ் ஒன்றை எடுத்து, அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் அந்தப் பேனாவால் பொட்டு வைத்து, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிறுத்திக் காட்டினேன். தண்ணீர் ஏற ஏறப் பொட்டு ஊதா, நீலம், மஞ்சள் என்று பிரிந்தது. பல கறுப்பு மைகளுக்குள் இப்படிப் பல சாயங்கள் சேர்ந்திருக்கின்றன. தண்ணீர் அதிகமானால் வேகமாக ஓடும் சாயம் முதலில் நுனிக்கு வந்துவிடும். இரண்டு சொட்டுக்கு மேல் விடாமல், ஒரு நாள் படுக்கவைத்தால் பெரும்பாலும் நிறம் ஒன்றுசேர்ந்துவிடும். அவளோ கறுப்பு வேண்டாம், ஊதாவே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 27

தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார். உயிர் வந்த மூன்றில் ஒன்று மூன்று நாளில் திரும்பக் காய்ந்துவிட்டதாம். மற்ற இரண்டும் அதே பெட்டியில் நன்றாக இருக்கின்றனவாம்.

அப்படியானால் மையைப் பார்க்காதீர்கள். மூடியைப் பாருங்கள்.

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுற்றுங்கள். கிளிப் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கும், அல்லது உள்ளே இருக்கும் சின்ன உள்மூடி கழன்றிருக்கும். மூடியின் தலையில் தெரியும் துளையைக் கண்டு பயப்படாதீர்கள். குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சுப் போய்வர வேண்டும் என்று வைத்த துளை அது, ஐ.எஸ்.ஓ. 11540 என்ற தரவிதியே இதற்கு இருக்கிறது. அந்தத் துளையை டேப் ஒட்டி அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். நுனியைக் காப்பது உள்மூடிதான்.

விரிசல் விட்ட மூடிக்கு மாற்று, செத்துப்போன பேனாவின் மூடி. அதற்காகவே எந்தப் பேனாவையும் மூடியோடு குப்பையில் போட மாட்டேன். மூடி தளர்வாக இருந்தால் அது உட்காரும் இடத்தில் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒன்றரைச் சுற்று சுற்றுங்கள், கிளுக்கென்று உட்காரும்.

இன்னொரு பகைவன் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த கோடு எங்கே என்று யோசிக்கிறோம். சித்திரை வெயிலில், வேகமாகச் சுற்றும் விசிறிக்குக் கீழே, 0.1 நுனிக்குச் சில நிமிடங்களே அதிகம். யோசிக்கும்போது மூடுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவுக்குள் படுக்கவைத்து அலமாரியில் வையுங்கள்.

மே 2

ஆசிரியர் ஒருவர் கேட்டது: பள்ளியில் ஒயிட்போர்டு மார்க்கர்கள் வெளிறி எழுதுகின்றன, எழுதியது அழியவும் மாட்டேன் என்கிறது, காய்ந்துவிட்டனவா?

நுனி மேலே பார்த்தபடி டம்ளரில் நிறுத்தி வைக்கிறீர்களா? அப்படியானால் பாதிப் பிரச்சினை அதுதான். அந்த மையில் நிறத்தோடு, பலகையில் ஒட்டாமல் பிரிந்துவர ஒரு பொருளும் கலந்திருக்கிறது. நிறுத்தி வைத்தால் கனமானவை கீழே இறங்கிவிடும், நுனிக்குக் கலவை சரியாக வராது. படுக்கவைத்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். பிறகும் வெளிறினால் மை தீர்ந்திருக்கிறது. காய்ந்த மார்க்கருக்குத்தான் ஸ்பிரிட், தீர்ந்த மார்க்கருக்கு அது வெறும் குளியல். மை நிரப்பும் வகையாக இருந்தால் அதற்கென்றே குப்பியில் விற்கும் மையை ஊற்றுங்கள். நுனி நசுங்கியிருந்தால் இடுக்கியால் பிடித்து உருவித் திருப்பிச் சொருகலாம், பல மார்க்கர்களில் மறுமுனையும் கூராகவே இருக்கும். வரைபடப் பேனாவில் இதைச் செய்யாதீர்கள், நுனி உலோகக் குழலோடு சேர்ந்தது.

யாராவது தவறிப்போய்ப் பெர்மனென்ட் மார்க்கரால் பலகையில் எழுதிவிட்டால், அதே எழுத்தின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள். புதிய மையின் ஆல்கஹால் பழையதைக் கரைத்துக்கொண்டு வரும்.

மே 9

இந்தப் பேச்சு என்னை மேசையின் அடி இழுப்பறை வரை கொண்டுபோய்விட்டது.

1990களில் ஒரு வரைபட அலுவலகத்தில் ட்ரேசராக, அதாவது வரைபடங்களை மெல்லிய தாளில் மையால் படியெடுப்பவளாக, வேலைக்குச் சேர்ந்தேன். கணினி வந்தபோது மூத்த வரைவாளர் ஒருவர் தன் ரோட்ரிங் ராபிடோகிராஃப் என்ற குழல்நுனி வரைபடப் பேனாக்களில் மூன்றை என்னிடம் கொடுத்தார். சிவப்பு வளையம் 0.18 மி.மீ., வெள்ளை 0.25, மஞ்சள் 0.35. ஒவ்வோர் அளவும் முந்தையதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏ4 தாளை ஏ3ஆகப் பெரிதாக்கினால் கோடும் அதே மடங்கு தடிக்கும், 0.25 கோடு 0.35 ஆகும். பெரிதாக்கிய நகலில் திருத்தம் செய்ய அடுத்த பேனாவை எடுத்தால் கோடு பொருந்திவிடும். இதை அவர் எனக்கு விளக்கிய மத்தியானம் இன்னும் நினைவிருக்கிறது. அறிவாளிகள் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு.

பேனாக்களை இந்தியன் இங்க் என்ற கரி மை உள்ளே இருக்கும்படியே மூடி வைத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல். கழுவாமல் வைத்தது பெரிய தவறு, இன்றும் வருந்துகிறேன்.

இந்தப் பேனாவின் நுனி உலோகக் குழல், அதற்குள் மயிர்போல ஒரு கம்பி, கம்பியின் பின்னால் சிறு எடை. குலுக்கினால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். மூன்றிலும் சத்தமே இல்லை. இன்றைக்கு நுனிப்பகுதியை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஊறப்போட்டிருக்கிறேன். ஊசியால் குத்த மாட்டேன். கம்பியை இழுக்கவும் மாட்டேன், 0.18 கம்பி ஒருமுறை வளைந்தால் திரும்ப நேராகாது.

மே 13

தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன். தினமும் கறுப்பாகிறது. மஞ்சள் வளையத்தில் இன்று டிக் கேட்டது.

மே 20

வெள்ளையும் வந்துவிட்டது. சிவப்பு அசையவில்லை. வெந்நீரில் கொதிக்கவிடுங்கள் என்று ஒருவர், நெருப்பில் காட்டுங்கள் என்று இன்னொருவர். நெருப்பு வேண்டாம். பால்பாயின்ட் ரீஃபிலின் எண்ணெய் மை சூட்டில் இளகும், அதற்குக்கூட உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும் சூடு போதும். இந்தக் குழல்நுனிப் பேனாவிலோ பிளாஸ்டிக்கும் உலோகமும் சேரும் இடம் நெகிழ்ந்துவிடும்.

நாளை எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறேன். கண்ணாடி கழுவ ஒரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறார்கள், காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் அழுக்கை உதிர்ப்பது. நகைக்கடைகளிலும் இது இருக்கும்.

மே 21

கடைக்காரர் முதலில் மறுத்தார், தொட்டி கறுத்துவிடும் என்று. நியாயம்தான். நுனியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் சோப்புத் தண்ணீரோடு போட்டு, குப்பியைத் தொட்டித் தண்ணீரில் இறக்கினோம். அதிர்வு கண்ணாடி வழியாகவும் போகும். மூன்றாம் நிமிடம் நுனியிலிருந்து புகைபோல ஒரு கறுப்பு நூல் இறங்கியது. கடைக்காரரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஐந்து முறை ஓட்டினார், காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து துடைத்து, காயவைத்து, காதோரம் வைத்துக் குலுக்கினேன்.

டிக்.

மே 28

சாம்பல் பேனாவைப் பற்றிச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பாதி உயிரோடு இருக்கும் பேனாவை நான் உயிர்ப்பிப்பதே இல்லை. கல்லின் பொரிவு, தூணுக்குப் பின்னால் இருட்டில் இருக்கும் இன்னொரு தூண், தேய்ந்த சிற்பத்தின் கன்னம் இவற்றுக்கு முழுக் கறுப்பு அதிகம். சாம்பல் நுனியால் புள்ளி வைத்தால் அந்த மங்கல் அப்படியே வரும். எந்தப் புதுப் பேனாவிலும் அது கிடைக்காது. என் மேசையில் அப்படி ஏழு பேனாக்கள் இருக்கின்றன, எவ்வளவு சாம்பல் என்பதன்படி வரிசையாக.

தம்பி தன் மண்டபத் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறார். முன்வரிசைத் தூண்கள் கறுப்பில், உள்வரிசை சாம்பலில். இடது ஓரத்தில் மூன்றாவது தூணின் அடிப்பீடத்தில் ஒரு கோடு மட்டும் நடுவில் விட்டுப் போயிருக்கிறது, 0.1ஐக் கொண்டு சேர்த்துவிடுங்கள்.

ஜூன் 3

அந்த இரண்டு 0.1களும் கடைசிவரை வரவில்லையாம். மூடிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.